வெளியே என்று எழுதிய வாசல்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே ஒரு மலையையோ ஆற்றையோ காட்டிவிடுவார்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. நான் சொல்லப்போவது பொழிச்சலூரிலிருந்து பெருங்களத்தூர் தாண்டி ஓர் இடத்துக்கு ஆட்டோவில் போய் வந்த கதை. ஒரு வழிக்குப் பதினாறு கிலோமீட்டர். பல்லாவரத்தில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீசில் உத்தியோக காலம் முழுவதும் உட்கார்ந்து, காசிக்கும் கயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிறத்தியாரை ஏற்றி அனுப்பியவன் நான். 'பனிச் சிகரங்கள் உங்களை அழைக்கின்றன' என்று கம்பெனி நோட்டீஸில் எழுதியதும் நான்தான். எந்தச் சிகரமும் என்னை அழைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகாவது போகலாம் என்று இருந்தேன். எட்டு மாதமாக, ஞாயிறும் பண்டிகையும் தவிர, இந்த ஒரே பயணத்தைத்தான் போய் வந்துகொண்டிருந்தேன்.

காரணம் என் மனைவி வசந்தா. சித்திரை மாதத்தில் ஒரு காலை, காபி டம்ளரை எடுக்கப் போனவளுக்குக் கை போகவில்லை. டம்ளர் விழுந்தது, பின்னாலேயே அவளும் விழுந்தாள். பக்கவாதம் என்றார்கள். வலது கை முக்கால்வாசி திரும்பிவிட்டது. பேச்சுக்கு ஒரு குறையும் வரவில்லை, அது எனக்கு மட்டும்தான் குறை. கால்தான் வர வேண்டியிருந்தது. அந்தக் காலுக்காகத்தான் பெருங்களத்தூர் பக்கத்துப் பொருட்காட்சிக் கட்டடத்துக்குப் போனோம். அதில் ஒரு தர்ம ஸ்தாபனம் பிசியோதெரபி நிலையம் நடத்திவந்தது. பொங்கலோடு அதை மூடுகிறார்கள். கட்டடத்தை ஒரு பார்சல் கம்பெனி வாடகைக்கு எடுத்துவிட்டது. இங்கே நான் எழுதுவது கடைசி நாளின் பயணம். போகிக்கு முந்தின நாள்.

அந்தக் கட்டடத்துக்கு இரண்டே வாசல். முன்வாசலுக்கு மேலே 'உள்ளே' என்றும், பின்வாசலுக்கு மேலே 'வெளியே' என்றும் எழுதியிருக்கும். பெயிண்டில் எழுதியது இல்லை. கட்டும்போதே கான்கிரீட்டில் வார்த்த எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பிள்ளை உயரம். நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. கட்டடத்துக்குள் இருக்கும் நீண்ட சரிவுப் பாதையை முழுவதும் சொந்தக் காலில் நடந்து முடித்தவர் மட்டும்தான் 'வெளியே' வாசல் வழியாகப் போகலாம். முடியாதவர்கள் எத்தனை மாதமானாலும் வந்த 'உள்ளே' வாசல் வழியாகவே திரும்ப வேண்டும். வசந்தா ஒரு நாளும் 'வெளியே' வழியாக வந்ததில்லை. இன்றைக்கு விட்டால் அந்த வாசல் இல்லை. புது நிலையம் தாம்பரத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில், லிப்ட் வைத்து வரப்போகிறதாம்.

"லிப்டுல ஏறி எறங்கறதுக்கு எனக்கு எதுக்குக் கால்?" என்றாள் வசந்தா. முந்தின நாள் முழுவதும் அவள் பேசியது இது ஒன்றுதான்.

காலை எட்டரை மணி. பொழிச்சலூரில் பனி இன்னும் விலகவில்லை. தலைக்கு மேலே விமானம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இரைந்துகொண்டு போனது. எங்கள் வீடு தரைத்தளம், ஒற்றை வாசல். பூட்டிவிட்டுத் திரும்பினேன். சக்கர நாற்காலியில் வசந்தா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பெண்ணைப் போல உட்கார்ந்திருந்தாள். கொலுசு போட்டிருந்தாள். நடக்கும்போது கால் சத்தம் கேட்டால் தைரியமாக இருக்குமாம். நான் இரவு சரியாகத் தூங்கவில்லை. அவளைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக எழுந்தால் பிறகு எனக்குத் தூக்கம் வராது. களைப்பாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த எட்டு மாதத்தில் நான் களைப்பாக இல்லாத நாள் எது என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டும்.

எங்கள் ஆட்டோக்காரர் பாஸ்கர். பம்மல்காரர், நாற்பது வயதிருக்கும். போக வர எழுநூறு ரூபாய் என்று பேசிக்கொண்ட ஏற்பாடு. நாற்காலியை மடக்கி முன்னால் அணைத்து வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. அதை வேறு யார் செய்தாலும் சக்கரம் இடிக்கும்.

"இன்னாக்கா, இன்னிக்கு ரிலீஸா?" என்றார். "எட்டு மாசமா உள்ள கீற. ஜாமீன்கூட குடுக்காம வெச்சிகினு கீறானுங்க."

"வக்கீல் சரியில்ல பாஸ்கர்" என்று என்னைக் காட்டினாள் வசந்தா.

பம்மல் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியதும்தான் ஊரே தெற்கே பார்த்துக் கிளம்பியிருப்பது தெரிந்தது. காரின் கூரை மேல் சூட்கேஸ், பைக்கில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் குழந்தை, குழந்தைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் பை. சாலை ஓரத்தில் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் இறங்கியிருந்தன. குரோம்பேட்டை தாண்ட அரை மணி. சானடோரியத்தில் ஒரு டீ, பதினைந்து ரூபாய்; ஆட்டோவை விட்டு இறங்காமலேயே வாங்கிக் குடித்தோம், அவ்வளவு மெதுவாக நகர்ந்தது. தாம்பரம் தாண்டி இரும்புலியூர் வளைவில் அந்த நகர்தலும் நின்றது. பெருங்களத்தூருக்கு நாலு கிலோமீட்டர் பாக்கி. சும்மா நாளிலேயே அந்த நாலு கிலோமீட்டர் என் வயதில் இரண்டைக் கூட்டிவிடும்.

செல்போன் அடித்தது. நிலையத்து பிசியோதெரபிஸ்ட் ஷெரின். வயது முப்பதுக்குள், சிட்லபாக்கத்துப் பெண். "அங்கிள், எங்க இருக்கீங்க? மத்தியானம் நாங்க சாவியை ஹேண்டோவர் பண்ணணும். ஒரு மணிக்கு மேல பர்மிஷன் இல்ல."

"இரும்புலியூர்ல நிக்கறோம்மா. நகர மாட்டேங்குது."

"ஆன்ட்டியை டென்ஷன் ஆக விடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆன்ட்டி டென்ஷன் ஆகவில்லை. தன் வலது முழங்காலை உள்ளங்கையால் தடவிக்கொண்டு, முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு இன்று முடியாமல் போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், போய்ச் சேராமலே போனால் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

பாஸ்கருக்கு என் முகம் புரிந்திருக்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். "நம்ம கல்யாணமே அங்கதான் சார். சொல்லிகீறனா?"

"இல்லையே."

"அப்போ அது மண்டபம். தாலி கட்டிட்டு உள்ளாற மேல ஒரு பாலம் கீதுல்ல, அதுல நின்னு போட்டோ புட்சிகினு, அப்பிடியே அந்தாண்ட எறங்கி வரணும். எறங்கிகினே வந்தோம். எங்க மாமியா நிமிந்து பாத்துச்சு. வாசல் மேல 'வெளியே'ன்னு எயுதிகீது. எம் பொண்ண மொத நாளே வெளிய அனுப்புறீங்களான்னு ஒரே ரகள."

"மறைச்சு வெக்க மாட்டாங்களா?" என்றாள் வசந்தா.

"பூவாலதான்க்கா மறச்சி வெச்சிருந்தாங்க. காத்து அட்ச்சி அவுந்து பூட்ச்சு. அப்பால இன்னா, வந்த வயியே திரும்புனோம். எதுக்க முந்நூறு பேரு பந்திக்கி வந்துகினு கீறான். மாலயும் கயுத்துமா அவனுங்கள இட்ச்சிகினு வந்தோம். பேஜாரு பூட்ச்சு. எம் பொண்டாட்டி தோடு ஒண்ணு இன்னிக்கும் அங்கதான் எங்கியோ கீது."

வசந்தா சத்தமாகச் சிரித்தாள். பக்கத்து காரில் இருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. அந்த மண்டபக்காரர் அதற்குப் பிறகு 'வெளியே' மேல் சிமெண்ட் பூசி, அதன் மேல் இரண்டு யானைப் பொம்மை வைத்தாராம். பெருமழை வந்த வருடம் பூச்சு ஊறிக் கொட்டி, யானையெல்லாம் விழுந்து, எழுத்து மறுபடியும் வெளியே வந்துவிட்டது. அதற்குள் ஜி.எஸ்.டி. சாலை நெடுக ஏ.சி. மண்டபங்கள் வந்துவிட்டதால் யாரும் அதைத் திரும்ப மூடவில்லை.

பெருங்களத்தூர் சந்திப்பைத் தாண்டி இடது பக்கம் ஒரு சந்தில் பாஸ்கர் திடீரென்று ஒடித்தார். குண்டும் குழியுமாக ஒரு கிலோமீட்டர். புது அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, வேலிக்காத்தான் மண்டிய மனையில், அது உட்கார்ந்திருந்தது. மணி பதினொன்றேகால்.

போகாதவர்களுக்காகக் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். பொருட்காட்சி என்றால் நமக்கு ராட்டினமும் டெல்லி அப்பளமும்தான் நினைவுக்கு வரும். இது அந்த வகையில்லை. நான் இளைஞனாக இருந்தபோது தொழிற் பொருட்காட்சி ஒன்றுக்காக எழுப்பியது. சில மாதம் நின்றால் போதும் என்று கட்டி, பிறகு இடிக்க ஆள் வராமல் நின்றுபோனது என்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் நீள முட்டை வடிவம். மேலே தூண் எதுவும் தாங்காத வளைந்த கான்கிரீட் கூரை. எங்களைப் போலவே நிலையத்துக்கு வரும் கன்னியம்மா என்ற மீன்கார அம்மாள் முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு, "கவுத்துப் போட்ட போட்டு மாரி கீது" என்றாளாம்; மீன்பிடி படகைச் சொல்கிறாள். அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வரவில்லை.

சுவர் நெடுக ஜன்னல் ஜன்னலாக ஓட்டை ஓட்டையான ஜாலிக் கற்கள். வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான் வரும். தரையெல்லாம் சதுரம் சதுரமாக வெயில் விழுந்து கிடக்கும். உள்ளே ஒரு படிக்கட்டுகூடக் கிடையாது. 'உள்ளே' வாசலில் நுழைந்ததும் வலது பக்கச் சுவரை ஒட்டி அகலமான சரிவுப் பாதை ஏற ஆரம்பிக்கும். அது அப்படியே வளைந்து ஏறி, உச்சியில் ஒரு பாலமாகிக் கூடத்தைக் குறுக்கே கடந்து, இடது பக்கச் சுவரை ஒட்டி இறங்கி, 'வெளியே' வாசலில் கொண்டுவந்து விடும். கூட்டம் எத்தனை வந்தாலும் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்பதுதான் அதைக் கட்டியவருடைய எண்ணம். பொருட்காட்சி போனபின் ரேஷன் அரிசி கிடங்காக இருந்தபோது மூட்டைகள் அந்தப் பாதை வழியே ஏறி இறங்கின. மண்டபமாக இருந்தபோது பந்திக் கூட்டம் ஏறி இறங்கியது. பிறகு நடக்க முடியாதவர்கள் வந்தார்கள். "எங்களுக்குன்னே கட்டின ஸ்லோப் மாதிரி இருக்கு அங்கிள்" என்று ஷெரின் ஒருமுறை சொன்னாள். அது உண்மைதான். பழைய கட்டடங்களில் ஊனமுற்றவரை நினைத்துக் கட்டியதை நான் பார்த்ததில்லை. இது நினைக்காமலே அமைந்துவிட்டது.

எனக்கும் வசந்தாவுக்கும் இந்தக் கட்டடம் புதிதில்லை. கல்யாணமான புதிதில் மின்சார ரயிலில் வந்து இந்தப் பொருட்காட்சியைப் பார்த்தோம். உச்சிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் தானாகத் தோசை வார்க்கும் இயந்திரம் ஒன்று வைத்திருந்தார்கள். அது தோசையைத் திருப்பிப் போடுமா போடாதா என்று பார்க்க வசந்தா நின்றுவிட்டாள். நான் கூட்டத்தில் தள்ளப்பட்டுப் பாலத்தைக் கடந்து, இறங்கி, 'வெளியே' வாசலில் வந்து விழுந்தேன். திரும்பி ஏறப் பார்த்தால் வாலண்டியர் விடவில்லை. செல்போன் இல்லாத காலம். வந்த வாசலில்தானே நம்மைத் தேடுவாள் என்று நான் கட்டடத்தைச் சுற்றி ஓடி 'உள்ளே' வாசலில் போய் நின்றேன். எல்லோரும் வெளியே வருகிற வாசலில்தானே இந்த மனுஷனும் இருப்பான் என்று அவள் 'வெளியே' வாசலில் நின்றாள். இருட்டும்வரை ஆளுக்கொரு வாசலில் நின்றோம்.

கடைசியில் அவள்தான் போய் மைக்கில் சொல்ல வைத்தாள். "பொழிச்சலூரிலிருந்து மனைவியுடன் வந்த ராமமூர்த்தி என்பவரைக் காணவில்லை. நீலச் சட்டை. மீசை இல்லை. கண்டவர்கள் அறிவிப்புக் கூடாரத்தில் ஒப்படைக்கவும்." என்னை ஒரு போலீஸ்காரர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே காணாமல் போன நாலைந்து குழந்தைகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. அவற்றோடு என்னையும் உட்கார வைத்தார்கள். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர்கூட இந்தக் கதையைக் கேட்காமல் போனதில்லை.

நாங்கள் உள்ளே போனபோது பாதிக் கூடம் காலியாகியிருந்தது. பிடித்து நடக்கும் கம்பிகளைக் கழற்றி வேனில் ஏற்றிவிட்டார்கள். நிலைக்கண்ணாடிகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. பார்சல் கம்பெனி ஆட்கள் இருவர் தரையில் மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார்கள். சரக்கு வருவது இந்த வாசல், போவது அந்த வாசல். அம்புகள் பழைய பாதையின் திசையிலேயே போய்க்கொண்டிருந்தன.

கன்னியம்மா எங்களுக்கு முன்பே வந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பம். மீன் கூடையோடு ஷேர் ஆட்டோவிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவள். வசந்தாவுக்கும் அவளுக்கும் ஐந்தாறு மாதமாகப் போட்டி.

"இன்னாமா வசந்தா, இம்மா நேரமா? நீ வராம நான் ஏற மாட்டேன்னு நின்னுகினு கீறேன்."

"டிராபிக் கன்னியம்மா."

"எனக்கு மட்டும் இன்னா ஹெலிகாப்டரா வுட்டானுங்க? நானுந்தான் வந்தேன்."

கன்னியம்மா முதலில் ஏறினாள். அவள் பாதி ஏறியதும் வசந்தாவை எழுப்பி நிறுத்தினோம். இடது கையில் நாலு கால் வைத்த ஊன்றுகோல். நான் வழக்கம்போல வலது பக்கம் போய் நின்றேன். ஷெரின் என்னை நகரச் சொன்னாள்.

"அங்கிள், கோவிச்சுக்காதீங்க. நீங்க பக்கத்துல இருந்தா ஆன்ட்டி உங்களைத்தான் நம்புவாங்க. அவங்க காலை நம்ப மாட்டாங்க. நான் பின்னாடியே போறேன். நீங்க சுத்திப் போய் எக்ஸிட்ல நில்லுங்க."

"விழுந்துட்டான்னா?"

"விழுந்தா எழுந்துப்பேன்" என்றாள் வசந்தா. "நீங்க போய் ஒழுங்கா சரியான வாசல்ல நில்லுங்க."

இத்தனை மாதத்தில் அவள் சரிவில் மூன்றாவது ஜன்னலுக்கு மேல் போனதில்லை. அங்கே முழங்கால் நடுங்க ஆரம்பிக்கும், திரும்பிவிடுவாள். ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம் என்று ஷெரின் சொல்லியிருந்தாள். பாலத்தைத் தாண்டிவிட்டால் திரும்பவும் முடியாது. கூடத்தின் நடுவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கொலுசு ஒரு சத்தம், ஊன்றுகோல் ஒரு சத்தம், பிறகு நீண்ட அமைதி. முதல் ஜன்னல். நின்றாள். இரண்டாவது ஜன்னலுக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் எனக்கு ஒரு யுகமானது. அதற்குமேல் பார்க்க எனக்கு மனசு இடம் கொடுக்கவில்லை. பயந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு 'உள்ளே' வாசலுக்கு வந்தேன். அங்கே பாஸ்கரின் ஆட்டோ நிழலில் நின்றது. அவர் சாப்பிடப் போயிருந்தார். நாற்காலியை ஆட்டோ பக்கத்தில் விட்டுவிட்டுச் சுற்றிப் போகலாம் என்று நினைத்தேன். அவள் மூன்றாவது ஜன்னலில் எப்படியும் கால் மணி நேரம் நிற்பாள். அதற்குள் இரண்டு நிமிடம் உட்காரலாம் என்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். எட்டு மாதமாகத் தள்ளிய நாற்காலி, ஒரு நாளும் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரியாது. தை பிறக்கப் போகிற வெயில், முகத்தில் இதமாக விழுந்தது.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

யாரோ மைக்கில் பேசுவதுபோல் ஒரு குரல் கேட்டது. மைக் இல்லை, வாயைக் குவித்துக்கொண்டு பேசுகிற குரல்.

"பொழிச்சலூரிலிருந்து மனைவியுடன் வந்த ராமமூர்த்தி என்பவரைக் காணவில்லை. சாம்பல் ஸ்வெட்டர். மீசை இல்லை. முடியும் இல்லை. கண்டவர்கள் உடனே ஒப்படைக்கவும்."

கண்ணைத் திறந்தேன். வசந்தா எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. புடவைக் கரையில் நெருஞ்சி முள்ளும் செம்மண்ணும் ஒட்டியிருந்தன. வலது பக்கம் வாக்கரோடு கன்னியம்மா, பின்னால் கையைப் பிசைந்துகொண்டு ஷெரின்.

எனக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. அவள் மேலே ஏறினாளா, திரும்பி வந்துவிட்டாளா? கட்டடத்துக்குள்ளிருந்துதான் வருகிறாள் என்று நினைத்து வாசலைப் பார்த்தேன். கன்னியம்மா சிரித்தாள்.

"அங்க இன்னா பாக்குற சார்? நாங்க அந்த வாசலு வயியா வந்து, சுத்திகினு வந்தோம். உன்னிய அங்க தேடிப் பாத்தோம். ஆளக் காணோம்."

"நான் சேர் கொண்டுவரேன்னு சொன்னேன் அங்கிள்" என்றாள் ஷெரின். "கேக்கவே இல்ல. இவ்ளோ தூரம் புரோகிராம்லயே கிடையாது. கல்லு, முள்ளு, பள்ளம்... நான் செத்தே போயிட்டேன்."

சரிவுப் பாதையைவிட வெளிச்சுற்று நீளம் அதிகம். அது எனக்குத் தெரியும், இளவயதில் ஓடியிருக்கிறேன். அன்று அவளைத் தேடி நான் சுற்றிய அதே சுற்றை இன்று அவள் என்னைத் தேடிச் சுற்றி வந்திருக்கிறாள். எட்டு மாதமாக நான் காத்துக்கொண்டிருந்த ஒன்று நடந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அடக்கப் பார்க்கவில்லை, அழுதேன்.

"பார்க்காம போயிட்டேனே வசந்தா."

"தோசையை நீங்களா பார்த்தீங்க? நான்தானே பார்த்தேன். அது திரும்பிச்சு." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அங்க வந்து எல்லாரும் கை தட்டினாங்க. நீங்க இல்ல. சரி, நம்ம ஆளு வழக்கம்போல தப்பு வாசல்லதான் நிப்பார், நாமளே போயிடலாம்னு வந்தேன். பொருட்காட்சி அன்னிக்கு வாசல்லயே நின்னு இருட்டினதுதான் மிச்சம்."

நான் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன். அவள் ஊன்றுகோலால் அதைத் தள்ளினாள்.

"நீங்களே உக்காருங்க. பார்க்கவே பாவமா இருக்கீங்க."

கன்னியம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். 'வெளியே' வழியாகப் போகிறவர் மற்ற எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுப்பது வழக்கம். மஞ்சள் பெயிண்ட் ஆட்கள் இருவருக்கும்கூடக் கிடைத்தது. ஷெரின் இரண்டு வாசலையும் இழுத்துப் பூட்டினாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். பொங்கல் கழிந்ததும் அந்தப் பாதையில் பெட்டிகள் ஏறி இறங்கும். அதற்குப் பிறகு என்ன வரும் என்று தெரியவில்லை. அந்தக் கட்டடத்தின் சுபாவம் அது. யார் வந்தாலும் ஒரு பக்கம் வாங்கி இன்னொரு பக்கம் விட்டுவிடும்.

திரும்பும் வழி காலியாக இருந்தது. ஊர் முழுக்க எதிர்ப்பக்கம் தெற்கே போய்க்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் வடக்கே வந்தோம். தாம்பரம் வருவதற்குள் வசந்தா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பாஸ்கர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார். பல்லாவரத்தில் என் பழைய ஆபீஸ் இருந்த கட்டடத்தைத் தாண்டினோம். இப்போது அது பல் ஆஸ்பத்திரி. எத்தனையோ பேர் ஊர் போய் வந்து என்னிடம் கதை சொல்லியிருக்கிறார்கள். சிகரங்களைப் பற்றியெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இந்தப் பதினாறு கிலோமீட்டர் இருக்கிறது, அதிலும் முக்கியமான இடத்தில் நான் தூங்கிவிட்டேன்.

பொழிச்சலூர் வந்து சேர்ந்தபோது இரண்டு மணி. பாஸ்கர் நாற்காலியைப் பிரிக்கப் போனார், வசந்தா வேண்டாம் என்றாள். எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல். அதன் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. போவதும் வருவதும் அதிலேயேதான், ஒருவரை ஒருவர் தவறவிட வழியில்லை. நான் முன்னால் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டுத் திரும்பினேன். எட்டு மாதமாக அந்த நேரத்தில் என் பார்வை தானாகக் கீழே போகும், நாற்காலி உயரத்துக்கு. அன்றும் அப்படியே போயிற்று. அங்கே யாரும் இல்லை. நிமிர்ந்தேன். அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"என்ன பார்க்கறீங்க?" என்றாள். "உள்ளே போங்க."